மொட்டை மாடியில் கேஸ் கிரில்: சுடர் மஞ்சள், கோழி வெளியே கருகல், உள்ளே பச்சை

தென்பெண்ணை_கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இடம் காவேரிப்பட்டணம், மொட்டை மாடி. மூன்று பர்னர் கேஸ் கிரில், மூடி வைத்தது, மூடியில் வட்ட தெர்மாமீட்டர் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கிரில். வரும் ஞாயிற்றுக்கிழமை 25 பேருக்கு இதில் சமைக்க வேண்டும்: தொடையோடு சேர்ந்த கோழிக்கால் 6 கிலோ, கே.ஆர்.பி. அணை ஜிலேபி மீன் 3 கிலோ, சைவம் சாப்பிடுகிறவர்கள் ஐந்து பேர்.

இப்போது இருக்கும் தொந்தரவுகள்:

கிரிலோடு வந்த ரெகுலேட்டர் நம் ஊர் சிலிண்டரில் பொருந்தவில்லை. ஓட்டல் அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டினால் போதும் என்கிறார் அடுப்பு ரிப்பேர் செய்பவர். மாட்டலாமா?

சுடர் மஞ்சளாக, சோம்பலாக எரிகிறது. நடு பர்னர் பாதி வரைதான் பிடிக்கிறது.

கோழி மேலே கருகி, எலும்பு ஓரம் சிவப்பாகவே நிற்கிறது. மீன் கம்பியோடு ஒட்டித் தோல் உரிந்துபோகிறது.

மாடியில் பாதிக்குத் தகரக் கொட்டகை இருக்கிறது. காற்றும் வெயிலும் படாமல் இருக்க அதன் கீழே வைத்துச் சமைக்கலாமா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நீலச்சுடர்:

கேஸ் பக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். அது சரியாகாமல் மசாலாவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஹை பிரஷர் ரெகுலேட்டர் வேண்டாம். கண்டிப்பாக வேண்டாம். வீட்டு ரெகுலேட்டர் வெளியே விடும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார். ஓட்டல் அடுப்பு ரெகுலேட்டரைத் திருகினால் 1 பார், அதாவது 1000 மில்லிபார், அதற்கு மேலும் போகும். முப்பது மடங்குக்கு மேல் அழுத்தம் ஏறினால் ஜெட் (பர்னருக்குள் கேஸை விடும் சிறு துளை உள்ள மூக்கு) வழியாக வரும் கேஸ் ஐந்தாறு மடங்காகும். கிரில் பர்னர் அவ்வளவு கேஸுக்குக் காற்றை இழுக்காது. சுடர் பர்னரை விட்டுத் தூக்கி எரியும், குமிழ் (தீயைக் கூட்டிக் குறைக்கத் திருகும் பிடி) இருக்கும் பலகையின் பின்னால் பிடிக்கும், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தாங்காது.

கிரிலின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் எந்த கேஸ், என்ன அழுத்தம் என்று அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்க மாடல் என்றால் 11 அங்குல நீர்மட்டம் என்று இருக்கும். அது ஏறத்தாழ 28 மில்லிபார், நம் வீட்டு ரெகுலேட்டரோடு ஒத்துப்போகும். 28 அல்லது 30 மில்லிபார் என்று போட்டிருந்தாலும் கவலையில்லை. 37 அல்லது 50 என்று இருந்தால் நம் ரெகுலேட்டரில் சுடர் சின்னதாகத்தான் வரும். அதற்காக அழுத்தத்தைக் கூட்டக் கூடாது, ஜெட்டை மாற்ற வேண்டும். தகட்டில் இயற்கை எரிவாயு என்று இருந்தால் அந்த ஜெட்டோடு எல்.பி.ஜி.யில் பற்றவே வைக்காதீர்கள். அதன் ஜெட் துளை பெரியது, கட்டுக்கு அடங்காத சுடர் வரும்.

செய்ய வேண்டியது: கிரிலின் கேஸ் வாயிலில் இருக்கும் பழைய ஹோஸைக் கழற்றி, அந்த மரைக்குச் சரியான பித்தளை நாசில் (ஹோஸைச் செருகும் முனை) ஒன்றைப் போடுங்கள். கேஸ் சாமான் விற்கும் கடையில் பழைய நட்டைக் காட்டினால் பொருத்தம் பார்த்துத் தருவார்கள். பிறகு ஐ.எஸ். 9573 என்று அச்சிட்ட, உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா ஹோஸ், ஒன்றரை மீட்டருக்கு மிகாமல். இரண்டு முனையிலும் கிளாம்ப். பச்சை நிறத் தோட்டக் குழாயையோ, இரண்டு துண்டு ஹோஸை நடுவில் இணைத்தோ போடக் கூடாது. ஐந்து வருடம் ஆன ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கிரிலின் அடிப்பகுதி தகடு, எண்ணெய் வடியும் தட்டு இரண்டையும் ஹோஸ் தொடாமல் போக வேண்டும்.

சிலிண்டரின் கைப்பிடி வளையத்தை ஒட்டிய பட்டையின் உள்பக்கம் ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. இலக்கம் ஆண்டு. பி 27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்த சிலிண்டர் சோதனைக்குப் போக வேண்டும் என்று பொருள். தேதி தாண்டியதைக் கையில் வாங்காதீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு சோப்பு நீர் சோதனை. பாத்திரம் தேய்க்கும் திரவம் பாதி, தண்ணீர் பாதி கலந்து, கிரிலின் குமிழ்கள் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரை மட்டும் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் தூரிகையால் தடவுங்கள். ரெகுலேட்டர் உட்காரும் இடம், இரண்டு கிளாம்ப், நாசில் மரை, ஒவ்வொரு குமிழின் பின்னால் உள்ள வால்வு. அரை நிமிடம் பார்க்க வேண்டும், சின்னக் கசிவு மெதுவாகத்தான் சோப்பு நுரை விடும். தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பது என்ற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

இப்போது இடம். தகரக் கொட்டகையின் கீழே வேண்டாம். வெப்பமும் புகையும் தேங்கும், கார்பன் மோனாக்சைடு தலைக்கு நேராக நிற்கும். திறந்த வெளியில், சுவர், கீற்று, துணிக்கொடி, கேபிள் வயர், பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலிருந்தும் 3 மீட்டர் தள்ளி வையுங்கள்.

மொட்டை மாடிக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் படரும். சுற்றிலும் கைப்பிடிச் சுவர் இருக்கும் மாடி ஒரு தொட்டி போலத்தான். அதில் தேங்கும் கேஸ் இறங்கும் வழி மாடிப்படி. படி இறங்கும் இடம் உங்கள் வீட்டுக் கூடம். ஆகவே கிரிலும் சிலிண்டரும் படிக்கட்டு வாசலிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் இருக்கட்டும். சமைக்கும்போது படிக்கதவு சாத்தியிருக்கட்டும். மழைநீர் இறங்கும் துளைகளில் துணியோ செங்கல்லோ அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

காற்று: ஆனி, ஆடியில் நம் பக்கம் காற்று மேற்கிலிருந்து தள்ளும். மூடி உள்ள கிரிலில் சூடு வெளியேறும் திறப்பு பின்பக்கம் இருக்கும். அதில் காற்று மோதினால் சூடு முன்பக்கமாகத் திரும்பிக் குமிழ்களை உருக்கும். கிரிலின் முதுகு மேற்கைப் பார்க்கக் கூடாது. காற்றைத் தடுக்க நான்கு பக்கமும் தகரம் வைத்து மறைக்காதீர்கள். சிலிண்டரைச் சுற்றி எப்போதும் காற்றோட்டம் வேண்டும்.

---

நீலச்சுடர்:

மேலே விட்டுப்போனது, மஞ்சள் சுடர். கேஸுக்குக் காற்று போதவில்லை என்பதுதான் பொருள். பர்னரின் வால் பகுதியில், ஜெட் உட்காரும் இடத்தில், ஒரு திறப்பும் சிறு தகட்டு மூடியும் இருக்கும். ஸ்குரூவைத் தளர்த்தி அந்த மூடியைக் கொஞ்சம் திறந்தால் சுடர் நீலமாகும். அதிகம் திறந்தால் புஸ் என்ற சத்தத்தோடு சுடர் துளையை விட்டு எழும்பும், அப்போது சிறிது மூட வேண்டும். நீலமாக, முனையில் மட்டும் லேசான மஞ்சள் தொட்டிருந்தால் அதுதான் அளவு.

ஆனால் அதைத் தொடும் முன் பர்னரைக் கழற்றிப் பாருங்கள். நாள்பட்டு நின்ற கிரில் என்றால் பெரும்பாலும் குழாய்க்குள் சிலந்தி வலை இருக்கும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: குளவி மண்ணைக் கொண்டுவந்து குழாயை அடைத்துவிடும். பாதி வரை மட்டும் எரியும் உங்கள் நடு பர்னருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். பாட்டில் கழுவும் நீளத் தூரிகையை உள்ளே விட்டுத் தேய்த்து, கவிழ்த்துத் தட்டிக் கொட்டுங்கள். பர்னர் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம். ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். அந்தத் துளை கொஞ்சம் விரிந்தாலும் கேஸ் அளவு மாறிவிடும். ஊதி எடுத்தால் போதும்.

திரும்ப மாட்டும்போது ஜெட்டின் மூக்கு பர்னர் குழாயின் வாய்க்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். விலகி உட்கார்ந்தால் கேஸ் பலகைக்குப் பின்னால் கொட்டி அங்கேயே எரியும்.

---

அரூர்_அடுப்படி:

கேஸ் பத்தி நீலச்சுடர் அண்ணன் சொல்லிட்டார். நான் கோழிக்கு வர்றேன்ங்க.

வெளியே கருகி உள்ளே வேகாம இருக்குன்னா சூடு பத்தலைன்னு அர்த்தம் இல்லை. சூடு ஒரே பக்கம், ஒரே அளவு, நேரே கீழேர்ந்து அடிக்குதுன்னு அர்த்தம். மூணு பர்னரையும் எரியவிட்டு எலும்போட இருக்கற கால் துண்டை மேல வெச்சா பத்து நிமிஷத்துல தோல் கரி ஆயிடும். எலும்பு ஓரம் அப்பத்தான் 50 டிகிரி தாண்டும். அதனால கிரிலை ரெண்டு பாகமா பிரிச்சுக்கோங்க. இடது பர்னர் எரியட்டும், நடுவும் வலதும் அணைஞ்சிருக்கட்டும். துண்டுகளை அணைஞ்ச பக்கம் வெச்சு மூடியைப் போட்டுடுங்க. மூடி போட்டா கிரில் ஒரு அவன் மாதிரி, சுத்திச் சுத்தி சூடு வரும். கடைசியில மட்டும் எரியற பக்கம்.

வரிசை இப்படி. முதல்ல மூடியைத் திறந்து வெச்சுட்டுத்தான் பத்த வைக்கணும், இது ரொம்ப முக்கியம். மூடி போட்டிருக்கும்போது குமிழைத் திருகினா உள்ளே கேஸ் நிறைஞ்சு, பொறி பட்டதும் மூடியே பறக்கும், முகத்துல அடிக்கும். குமிழைத் திருகி 5 நொடிக்குள்ள பிடிக்கலைன்னா மூடிடுங்க, 5 நிமிஷம் காத்திருந்து மறுபடி. எல்லா பர்னரும் பிடிச்ச பிறகு மூடியைப் போட்டு முழு சூட்டுல 12 முதல் 15 நிமிஷம். மூடி மீட்டர் 250 தாண்டணும். அப்புறம் நடுவையும் வலதையும் அணைச்சு, இடதைக் குறைச்சு, மீட்டர் 180க்கும் 200க்கும் நடுவுல நிக்கற மாதிரி வெச்சுக்கோங்க.

கால் துண்டு ஒண்ணு 250 கிராம்னா ஆறு கிலோவுக்கு 24 வரும். மூணு பர்னர் கிரில்ல அணைஞ்ச பக்கம் இடைவெளி விட்டு அடுக்கினா பத்துலேர்ந்து பன்னிரண்டுதான் நிக்கும். ரெண்டு நடையா போடணும், நடைக்கு 45 நிமிஷம். விருந்தாளி உட்காரும் நேரத்துலேர்ந்து ரெண்டு மணி நேரம் பின்னாடி எண்ணி ஆரம்பிங்க. நெருக்கி அடுக்கினா சூடு சுத்தாது, வேகாத துண்டு கலந்து வரும்.

தோல் பக்கம் மேல இருக்கட்டும், மூடி போட்டு 30 முதல் 35 நிமிஷம். நடுவுல திறந்து திறந்து பாக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் சூடு சரிஞ்சு நேரம் கூடும். உள்ளே 70 டிகிரி கிட்ட வந்ததும் எரியற பக்கம் தள்ளி ஒவ்வொரு பக்கமும் 2, 3 நிமிஷம். நிறமும் லேசான கரியும் அங்கேதான் வரும்.

இதுக்கு குத்திப் பாக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. மூடியில இருக்கறது மேலே நிக்கற காத்தோட சூட்டைத்தான் சொல்லும், கறியோட சூட்டை இல்லை. தொடையோட தடிச்ச இடத்துல, எலும்பைத் தொடாம குத்தணும். எலும்பைத் தொட்டா தப்பா காட்டும். கோழிக்கு 74 டிகிரி கட்டாயம். கால் துண்டுன்னா நான் 80, 82 வரைக்கும் விடச் சொல்வேன். 74ல பாதுகாப்புதான், ஆனா நரம்பும் சவ்வும் இளகறது அதுக்கு மேலதான். நெஞ்சுக்கறின்னா 74லயே எடுத்துடணும், இல்லேன்னா சக்கை. சாறு தெளிவா வருது, நிறம் மாறிடுச்சுன்னு கண்ணால முடிவு பண்ண வேண்டாம். இளம் கோழியில எலும்புச் சாறு ஊறி, வெந்த பிறகும் சிவப்பு தெரியும். வேகாமலே வெளுப்பாவும் தெரியும்.

தெர்மாமீட்டர் சரியான்னு பாக்க: நொறுக்கின ஐஸ் நிறைய, தண்ணி கொஞ்சம் கலந்த டம்ளர்ல 0 காட்டணும். கொதிக்கற தண்ணியில 100 காட்டலைன்னு திருப்பிக் குடுத்துடாதீங்க. கிருஷ்ணகிரி, தருமபுரி உயரத்துக்கு தண்ணி 98 டிகிரி சுமார்லயே கொதிக்கும், ஓசூர்னா 97 கிட்ட.

ஆறு கிலோவுக்கு மசாலா: உப்பு 90 கிராம், துணியில கட்டி வடிச்ச தயிர் 900 கிராம், இஞ்சி பூண்டு விழுது 240 கிராம், மிளகாய்த்தூள் 120 கிராம், மஞ்சள் தூள் ரெண்டு டீஸ்பூன், எலுமிச்சம்பழம் 6, கடலை எண்ணெய் 180 மில்லி. ஒவ்வொரு துண்டுலயும் எலும்பு வரைக்கும் ரெண்டு மூணு கீறல். 4லேர்ந்து 8 மணி நேரம், ஃபிரிட்ஜுக்குள்ள. வெளியே மேடை மேல வெச்சு ஊற வைக்கறது கூடாது. 5 டிகிரிக்கு மேல, 60 டிகிரிக்குக் கீழ இருக்கற இடைவெளியிலதான் கிருமி பெருகும். சாதாரண நாள்ல மொத்தம் 2 மணி நேரம் கணக்கு, வெயில் 32 டிகிரி தாண்டினா ஒரு மணி நேரம்தான். நம்ம ஊர்ல சித்திரை வைகாசியில அந்த ஒரு மணி நேரக் கணக்கைத்தான் எடுத்துக்கணும். முதல் நடைக்கு வேண்டியதை மட்டும் மாடிக்குக் கொண்டு போங்க, மிச்சம் ஃபிரிட்ஜ்லயே இருக்கட்டும்.

கிரில்ல வைக்கும் முன்னாடி தயிர் கெட்டியா ஒட்டியிருந்தா வழிச்சு விட்டுடுங்க. தயிர்தான் முதல்ல கருகும். வெல்லம், தேன், தக்காளி சாஸ் எதுவா இருந்தாலும் கடைசி 5 நிமிஷத்துல தடவணும், சர்க்கரை சீக்கிரம் கரிஞ்சுடும்.

பச்சைக் கறி கொண்டு போன தட்டு, இடுக்கி ரெண்டும் வெந்த கறியைத் தொடக் கூடாது. ஊற வெச்ச மசாலா மிச்சத்தை வெந்த துண்டு மேல தடவக் கூடாது, வேணும்னா நல்லாக் கொதிக்க வெச்சுத்தான். மஞ்சள் போட்டுக் கழுவினா கிருமி செத்துடும்னு நினைக்கறாங்க. சாகாது, தெறிச்சுப் பரவும். கழுவறதா இருந்தா பாத்திரத்துக்குள்ள அலசி, சிங்க்கை சோப்பு போட்டுத் தேய்ச்சுடுங்க.

---

தென்பெண்ணை_கரை:

இருவருக்கும் நன்றி. தகட்டில் 28–30 மில்லிபார் என்று இருக்கிறது, வீட்டு ரெகுலேட்டரும் புது ஹோஸும் போட்டாயிற்று. நடு பர்னரில் குளவி மண்தான் இருந்தது. இப்போது மூன்றும் நீலமாக எரிகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். குறைந்த தீயில் வைத்தால் வலது பர்னர் ‘டப்’ என்று உள்ளே போய்க் குழாயிலேயே எரிகிறது. மாடிக்குத் தூக்க எளிது என்று 5 கிலோ சிலிண்டர் வைத்தேன், முக்கால் மணி நேரத்தில் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து, பிறகு பனி பிடித்துச் சுடர் சுருங்கிவிட்டது. சிலிண்டர் இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

---

மலைக்காட்டு_பயணி:

சிலிண்டரைப் படுக்க வைத்தால் கேஸ் நன்றாக வரும். இல்லாவிட்டால் ஒரு வாளி வெந்நீர் ஊற்றுங்கள், எல்லா டீக்கடையிலும் செய்வதுதான்.

---

நீலச்சுடர்:

மேலே சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். நின்ற சிலிண்டரில் மேலே ஆவி, கீழே திரவம். படுக்க வைத்தால் ரெகுலேட்டருக்குள் திரவமே நுழையும். ஒரு துளி திரவம் இருநூற்று ஐம்பது துளி அளவுக்கு ஆவியாக விரியும், பர்னரில் சுடர் ஆளுயரம் எழும். வெந்நீர் ஊற்றினால் உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று யாருக்கும் கணக்கில்லை. டீக்கடையில் செய்கிறார்கள் என்பது அது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

பனி பிடிப்பதற்குக் காரணம் இது. திரவம் ஆவியாக மாற வெப்பம் வேண்டும், அதைத் தன் உடம்பிலிருந்தும் சிலிண்டரின் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். மூன்று பர்னரும் முழுக்க எரிந்தால் சுமார் 9 கிலோவாட், அதாவது மணிக்கு 700 கிராம் கேஸ். சின்ன சிலிண்டரின் சுவர் வெளிக்காற்றிலிருந்து அவ்வளவு வேகமாக வெப்பத்தை வாங்கித் தராது. உள்ளே குளிர்ந்து அழுத்தம் விழுகிறது, சுடர் சுருங்குகிறது, கேஸ் மட்டும் மிச்சமாக இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டரில் திரவம் தொடும் சுவர் பெரிது, இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இரண்டு பேராகத் தூக்கி மாடிக்கு ஏற்றுங்கள், படியில் உருட்ட வேண்டாம். அரூர்க்காரர் சொன்ன முறையில் சமைத்தால் ஒரு பர்னர்தான் நீண்ட நேரம் எரியும், அதிலும் பாதி தொல்லை தீர்ந்துவிடும்.

மாற்று சிலிண்டரைக் கிரிலின் கீழ்த்தட்டில் வைக்கிறார்கள். கூடாது. கீழே வீட்டின் திறந்த வெளியில், நிழலில், பாதுகாப்பு மூடி திருகியபடி நிற்கட்டும். மாற்றும்போது எல்லா பர்னரும் அணைந்திருக்க வேண்டும், பக்கத்தில் வேறு அடுப்போ கரியோ எரியக் கூடாது.

‘டப்’ என்று உள்ளே போவது: பர்னருக்குள் கேஸ் வரும் வேகத்தைவிடச் சுடர் திரும்பி ஓடும் வேகம் அதிகமாகும்போது நடப்பது. குறைந்த தீயில் கேஸ் மெதுவாக வருவதால் அப்போதுதான் வெளிப்படும். ஒன்று, காற்று மூடி அதிகம் திறந்திருக்கும், சிறிது மூடிப் பாருங்கள். இரண்டு, ஜெட் பாதி அடைபட்டிருக்கும். மூன்று, பர்னரில் துரு தின்று இரண்டு துளை ஒன்றாகியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அப்படி இருந்தால் ஒட்டுப் போடாமல் பர்னரையே மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பர்னர் கிடைக்காவிட்டால் வலது பர்னரைப் பற்ற வைக்காமல் இரண்டிலேயே சமைத்துவிடலாம். கால் துண்டுகளுக்கு வலது பக்கம் எப்படியும் அணைந்துதான் இருக்கப் போகிறது. உள்ளே எரியும் சத்தம் கேட்டால் உடனே குமிழை மூடுங்கள், குழாய் பழுக்கக் காய்ந்துவிடும்.

கேஸ் வாசனை வந்தால்: குமிழ்களை மூடி, ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, ஆட்களை விலக்குங்கள். மாடி விளக்கு, மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்.பி.ஜி. அவசர உதவி எண் 1906, தீயணைப்பு 101.

---

ஒகேனக்கல்_மீன்வலை:

மீன் ஒட்டுவதற்கு மூன்று காரணம்: ஈரம், குளிர்ந்த கம்பி, அவசரம். மூன்றில் அவசரம்தான் அதிகம் கெடுக்கிறது.

ஜிலேபி மீன் ஒன்று 400 முதல் 500 கிராம் இருப்பதாக எடுங்கள், அதைவிடப் பெரிதானால் நடு முள் ஓரம் வேக நேரமாகும். செதில், செவுள் எடுத்து, வயிற்றில் இருக்கும் கறுப்புச் சவ்வைத் தேய்த்து எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சாய்வாக மூன்று கீறல். சுத்தமான துணியால் உள்ளும் புறமும் ஒற்றி உலர்த்துங்கள். மசாலா மெல்லிய பூச்சாக இருந்தால் போதும்: ஒரு கிலோவுக்கு மிளகாய்த்தூள் 20 கிராம், மிளகு சீரகப் பொடி 10 கிராம், உப்பு 15 கிராம், எலுமிச்சைச் சாறு கொஞ்சம். 20 நிமிடம் ஊறினால் போதும், அதற்கு மேல் எலுமிச்சை இருந்தால் சதை குழையும்.

கம்பியை முழுச் சூட்டில் காயவிட்டு, பழைய கரியைச் சுரண்டி, பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தொட்டுக் கம்பி மேல் இழுத்துத் தேயுங்கள். மீனுக்கும் எண்ணெய் தடவுங்கள். எரியும் பக்கத்தில், கம்பிக்குச் சாய்வாக வைத்து, ஐந்து நிமிடம் தொடாதீர்கள். தோல் வெந்து மொறுமொறுப்பானதும் அதுவே கம்பியை விடும். தோசைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து இழுத்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம், ஒரு நிமிடம் விடுங்கள். பக்கத்துக்கு 5, 6 நிமிடம். தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில் 63 டிகிரி, சதை வெள்ளையாகி முள்ளிலிருந்து இதழ் இதழாகப் பிரிய வேண்டும்.

தேங்காய், சின்ன வெங்காயம் அரைத்த கெட்டி மசாலா வேண்டுமானால் நேரே கம்பியில் வைக்காதீர்கள். வாழை இலையை நெருப்பில் வாட்டி, மீனைச் சுற்றி, நாரால் கட்டி, அணைந்த பக்கத்தில் மூடி போட்டு 20 நிமிடம். கட்லா துண்டு என்றால் இரண்டு சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும், மெல்லிய துண்டு கம்பி இடுக்கில் உடைந்து விழும்.

---

ராயக்கோட்டை_தக்காளி:

சைவத்தைக் கடைசியாக நினைக்காதீங்க. முதல் வேலையா, கம்பி சுத்தமா இருக்கும்போதே, கோழி ஏறும் முன்னாடி முடிச்சு மூடி வெச்சுடணும். ஒரே கம்பியில கோழிக்கு அப்புறம் பனீர் வெச்சுட்டு சைவம்னு பரிமாறக் கூடாது. இடுக்கியும் தூரிகையும் தனி.

அஞ்சு பேருக்கு: பனீர் 500 கிராம், குடைமிளகாய் 3, பெரிய காளான் 250 கிராம், மக்காச்சோளம் 5. மூங்கில் குச்சியை 30 நிமிஷம் தண்ணியில ஊற வெச்சாத்தான் முனை எரியாது. பனீர் 3 சென்டிமீட்டர் கட்டி, நடுத்தரத் தீயில பக்கத்துக்கு 2 நிமிஷம். சோளத்தை மட்டையோட 15 நிமிஷம், அப்புறம் மட்டையை உரிச்சு 5 நிமிஷம். தக்காளியை பாதியா வெட்டி வெட்டுப் பக்கம் கீழே 4 நிமிஷம் வெச்சு, உப்பு, பச்சை மிளகாயோட நசுக்கினா சுட்ட தக்காளி சட்னி. களிக்கும் சரி, கோழிக்கும் சரி. மாம்பழ சமயம்னா பெங்களூரா மாங்காய் பாதி பழுத்ததா பாத்து ரெண்டு சென்டிமீட்டர் கனத்துல சீவி, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு நிமிஷம், மேல மிளகாய்த்தூள். நல்லாப் பழுத்தது கம்பியில கரைஞ்சு போயிடும்.

ஒண்ணு கேக்கணும். அலுமினியத் தாளை கிரில் அடியில முழுக்க விரிச்சுட்டா எண்ணெய் ஒட்டாது, சுத்தம் பண்றது சுலபம்னு சொல்றாங்களே, சரியா?

---

அரூர்_அடுப்படி:

வேண்டாம்ங்க. அடியில இருக்கற காத்துத் துளை அடைஞ்சு பர்னர் மூச்சு முட்டும், தாள் மடிப்புல எண்ணெய் தேங்கி அங்கேயே தீப்பிடிக்கும். எண்ணெய் தட்டு வெளியே இழுக்கறது இருக்கும் பாருங்க, அதுக்குள்ள மட்டும் தாள் போடலாம். அந்தத் தட்டை ஒவ்வொரு தடவையும் காலி பண்ணணும். 24 கால் துண்டோட கொழுப்பு வடியும்போது போன தடவை எண்ணெய் மேல இந்தத் தடவை எண்ணெய் சேர்ந்தாத்தான் பெரிய தீயே வரும்.

கொழுப்பு சொட்டிச் சின்னதா சுடர் எழும்பினா பயப்பட வேண்டாம், துண்டை அணைஞ்ச பக்கம் தள்ளிட்டா அடங்கிடும். அடங்காம அடியிலேயே எரிஞ்சா குமிழ்களை மூடு, ரெகுலேட்டரை மூடு, கிரில் மூடியைப் போடு. அதுக்கு மேலயும் எரிஞ்சா உலர்ந்த மணல், இல்லேன்னா சமையல் சோடா. தண்ணி ஊத்தவே கூடாது, எரியற எண்ணெய் ஆவியோட சேர்ந்து தெறிச்சு மேல விழும். ஒரு வாளி உலர்ந்த மணலைக் கை எட்டற இடத்துல வெச்சுட்டுத்தான் பத்த வைக்கணும். தீ சிலிண்டர் பக்கம் போச்சுன்னா அணைக்க நிக்காதீங்க, எல்லாரையும் கீழே இறக்கிட்டு 101க்குக் கூப்பிடுங்க. குழந்தைங்க கிரில் பக்கம் ஒரு மீட்டருக்குள்ள வரக் கூடாது, தொங்கற துப்பட்டா, முந்தானையைச் செருகிக்கணும்.

முதல் நடை வெந்ததை ஹாட் பாக்ஸ்ல வெச்சு மூடுங்க, 60 டிகிரிக்குக் கீழ இறங்கக் கூடாது. நேரம் மிச்சம் பண்றேன்னு காலையிலேயே பாதி வேக வெச்சு எடுத்து வெச்சு சாயங்காலம் மறுபடி கிரில் பண்றது ஆபத்து. பாதி வெந்த கறி கிருமிக்குத் தோதான இளஞ்சூட்டுல மணிக்கணக்கா கிடக்கும். குக்கர்ல வேக வெச்சா கையோட கிரிலுக்குப் போகணும். நாட்டுக்கோழி, வெள்ளாட்டுத் தொடைக்கறி ரெண்டுக்கும் இப்படிக் குக்கர்ல ரெண்டு விசில் விட்டு உடனே கிரில்ல போடறதுதான் சரி, நேரே வெச்சா மெல்ல முடியாது.

கம்பி சுத்தம் பண்ண இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம். அதுல ஒரு இழை உடைஞ்சு ஒட்டிக்கிட்டா சாப்பாட்டோட தொண்டைக்குள்ள போகும், குடல் வரைக்கும் குத்தும். சமைச்சு முடிச்சதும் மூடி போட்டு முழு சூட்டுல 10 நிமிஷம் எரிய விட்டு, கசக்கின அலுமினியத் தாளை இடுக்கியில பிடிச்சுத் தேய்ச்சாலே வந்துடும்.

---

தென்பெண்ணை_கரை:

கடைசியாக ஒன்று. சமைத்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தால் அப்படியே கொட்டகைக்குள் தள்ளிவிடலாமா?

---

நீலச்சுடர்:

எரியும் கிரிலை நகர்த்தக் கூடாது, ஹோஸ் இழுபட்டுக் கிளாம்ப் கழன்றுவிடும். தூறல் என்றால் மூடி போட்டபடி சமையல் தொடரலாம், மூடிக்குள் இருப்பவை நனையாது. நேரம் மட்டும் கொஞ்சம் கூடும், தெர்மாமீட்டரை நம்பி எடுங்கள். பலத்த மழை, இடி மின்னல் என்றால் ரெகுலேட்டரை மூடி, ஹோஸில் இருக்கும் கேஸ் எரிந்து முடியட்டும், பிறகு குமிழ்களை மூடிவிட்டு எல்லாரும் இறங்கிவிடுங்கள். வேகாமல் நிற்கும் துண்டுகளை மூடிய பாத்திரத்தில் கையோடு கீழே கொண்டுபோய், வீட்டு அடுப்பில் கனமான வாணலியில் மூடி போட்டு அதே 74 வரை வேக வைத்து முடியுங்கள். சுடர் மழையில் அணைந்ததா, நீங்கள் அணைத்ததா என்று சந்தேகம் இருந்தால் மூடியைத் திறந்து வைத்து 5 நிமிடம் கழித்துத்தான் மறுபடி பொறி போட வேண்டும்.

கிரில் முழுக்க ஆறிய பிறகே உறை போடுங்கள். பர்னர் குழாய் வாய்களில் நுண் கண்ணி உள்ள கம்பி வலையைச் சுற்றிவிட்டால் அடுத்த தடவை குளவி மண் இருக்காது.